பிளாரன்ஸில் ஒரு கோடைப் படிப்பு

கோடையில் பிளாரன்ஸுக்குப் படிக்கப் போகும் அமெரிக்க மாணவர்களைக் குறை சொல்ல வாய் கூச வேண்டும். மெடிச்சி குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செலவழித்து வளர்த்த மறுமலர்ச்சியை ஆறே வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதிலும் வகுப்பு வியாழனோடு சரி. இத்தாலியை ஆழ்ந்து கற்க வெள்ளியன்று பார்சிலோனா, சனியன்று ஆம்ஸ்டர்டாம். இடையில் புருனெலெஸ்கி குவிமாடத்தின் 463 படிகளையும் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் நகரத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். பாவம், மைக்கேலாஞ்சலோவின் டேவிட்! 1504-லிருந்து அதே ஊரில் நிற்கிறான். ஒரு கிரெடிட்கூடக் கிடைக்கவில்லை. இவர்களுக்கு ஆறு.

மொழிப் பயிற்சியோ முழு வெற்றி. தினமும் வரிசையில் நின்று விடாமல் பேசியதில், ஜெலாட்டோ கடைக்காரருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கான கட்டணத்தை ஒஹாயோவில் யாரோ ஓர் அப்பா தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.