தெருவில் சும்மா நிற்பது எப்படி?

தர்மபுத்திரர் இமயமலை ஏறியபோது பின்னாலேயே ஒரு நாய் போனது. வழியில் திரௌபதி விழுந்தாள், தம்பிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். நாய் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது. தர்மர் கையில் கயிறு இருந்ததாக யாரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை. நான் கும்பிட்ட பைரவர் சன்னதிகளிலும் நாய் தன் பாட்டுக்குத்தான் நிற்கிறது. தெரு நாய்களைப் பாருங்கள். டீக்கடைக்குப் போகிறவரோடு அளவாக நடந்து, அவர் நின்றால் நின்று, பொறை ஒன்று கைமாறியதும் மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளும். மனிதனோடு சேர்ந்து நடக்க நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால்தான் நீயா நானா என்று ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டு நாயின் பெயர் பிஸ்தா. பெயர் மகள் வைத்தது. அதற்கேற்ற நடத்தையை அவனே வரவழைத்துக்கொண்டான். எடை 6 கிலோ. விற்றவர் "ஒரிஜினல் பொமரேனியன் சார்" என்று சத்தியம் செய்தார். கால்நடை டாக்டர் ஒரே பார்வையில் தடுப்பூசி அட்டையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்று எழுதிவிட்டார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வெள்ளையாக, புசுபுசுவென்று, கேட்டுக்குப் பின்னால் நின்று குரைக்கும் எல்லாமே தமிழ்நாட்டில் பொமரேனியன்தான். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹை கோன்' படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயராக இருந்த டஃபிகூட இந்த ஸ்பிட்ஸ் வம்சம்தான்.

அது பெரிய குடும்பம். பனியில் சறுக்குவண்டி இழுக்கும் சமோயெட், ஹஸ்கி எல்லாம் பிஸ்தாவுக்குப் பெரியப்பா முறை. பொமரேனியனே ஒரு காலத்தில் இதைவிட நல்ல ஆகிருதி. 1888-இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்திலிருந்து ஒரு சின்ன ரகத்தை வாங்கி வந்தார். ராணியே வைத்திருக்கிறார் என்றதும் ஆளாளுக்குச் சின்ன நாய்தான் வேண்டும் என்று கேட்க, வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவத்தைக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். இழுக்கிற ஆசையையும் சேர்த்துக் குறுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் நங்கநல்லூரில் பனி இல்லை, சறுக்குவண்டியும் இல்லை. நான் இருக்கிறேன்.

முதலில் கழுத்துப் பட்டைதான் போட்டோம். தெருமுனை வருவதற்குள் 'கக் கக்' என்று ஓர் இருமல். இந்த மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் பலவீனமாக இருக்கலாம், சிலவற்றுக்கு நாளாக நாளாக அமுங்கிப்போகும், கழுத்தில் இழுவையே படக்கூடாது என்றார் டாக்டர். "ஹார்னஸ் போடுங்க. கொக்கி நெஞ்சுப் பக்கம் இருக்கறதா பாத்து வாங்குங்க." கொக்கி முதுகில் இருந்தால் நாய் முழு உடம்பையும் கொடுத்து நிம்மதியாக இழுக்கும். நெஞ்சில் இருந்தால், இழுக்க இழுக்க உடம்பு நம் பக்கமே திரும்பிவிடும். கடைக்காரர் கூடவே, தானாக நீண்டு தானாகச் சுருட்டிக்கொள்ளும் கயிறு ஒன்றையும் காட்டினார். இழுத்தால் நீளும் கயிற்றைக் கட்டிவிட்டு இழுக்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? சாதாரண நாடாவில் நாலு முழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இழுப்பதற்கு நாயிடம் நியாயம் இருக்கிறது. நாயின் ஜீரணத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர் ருஷ்யாவின் இவான் பாவ்லவ். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய் மட்டும் பட்டைகளுக்குள் நிற்க மறுத்து முரண்டு பிடித்தது. பாவ்லவ் அதற்குச் 'சுதந்திர அனிச்சை' என்று கௌரவமாகப் பெயர் வைத்தார். பெயர் வைத்த கையோடு, மேடையில் வந்து நின்றால்தான் சாப்பாடு என்றும் வைத்தார். சில மாதங்களில் சுதந்திரம் போன இடம் தெரியவில்லை. இதற்கும் முன்னால், 1898-இல், அமெரிக்காவின் எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்து, வெளியே தீனியை வைத்துப் பார்த்தார். எதைத் தட்டியபோது கதவு திறந்ததோ, போகப்போக அதையே பூனை சீக்கிரம் சீக்கிரமாகத் தட்டியது.

எங்கள் தெருவில் பூனைக்குப் பதில் பிஸ்தா, கதவுக்குப் பதில் நான். அவன் இழுக்கிறான், நான் பின்னாலேயே போகிறேன், விளக்குக்கம்பம் கிடைக்கிறது. நான் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அவன் இழுத்ததற்குக் கூலி. கூலியை நிறுத்த வழி ஒன்றுதான். கயிறு இறுகியதும் அசையாமல் நின்றுவிட வேண்டும். திட்டக் கூடாது, வெடுக்கென்று பின்னால் இழுக்கவும் கூடாது. அவனாகத் திரும்பி வந்து கயிறு தொய்ந்தால் நடக்கலாம். மறுபடி இறுகினால் மறுபடி நிற்க வேண்டும். உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் யாரும் நங்கநல்லூரில் நின்று பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் நடக்கலாம், ஓடலாம், நடுரோட்டில் பந்தல்கூடப் போடலாம். காரணம் சொல்லாமல் நிற்க மட்டும் முடியாது. சும்மா இருப்பது சித்தர்களுக்கே சிரமம் என்பார்கள். அவர்கள் காட்டுக்குப் போன காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது.

நின்ற அரை நிமிஷத்தில் ஓர் ஆட்டோ வந்து உரசினாற்போல் நிற்கும். "எங்க சார் போணும்?" எங்கேயும் இல்லை என்றால், "அப்ப ஏன் சார் நிக்கறீங்க?" நாய்க்காக என்று சொல்லி நாயைக் காட்டினால், நாய் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும், என்னோடு வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல். கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்வாள். "யாராத்தைத் தேடறேள்?" என்று ஆரம்பித்து, பிஸ்தாவைப் பார்த்ததும் கோலப்பொடிக் கிண்ணத்தோடு காவலுக்கு எழுந்து நின்றுவிடுவாள். அவள் சந்தேகம் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் கயிறு இறுகிய இடம், பூட்டிக் கிடந்த பழைய தனி வீட்டின் வாசல். நின்றேன். எங்கிருந்தோ ஒரு புரோக்கர் முளைத்தார். "ரெண்டு கிரவுண்ட் சார். அண்ணன் தம்பி கேஸ் முடிஞ்சாச்சு. ஓனர் நம்பர் தரட்டா?" நான் பேசாமல் நின்றேன், பயிற்சி நடக்கும்போது பேச்சு கூடாது என்பதால். அவர் விலையைக் குறைத்தார். நான் இன்னும் பேசவில்லை. இன்னும் குறைத்தார். பிஸ்தா மட்டும் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வராமல் இருந்திருந்தால் நல்ல விலைக்கு முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அக்கறையோடு வந்து, "மூச்சு வாங்கறதா? இடது கை வலிக்கறதா?" என்றார். கயிற்றை இடது கையில்தான் பிடித்திருந்தேன். 6 கிலோ தொங்கினால் வலிக்கத்தான் செய்யும். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலிருந்து என் மனைவியிடம் விசாரித்துவிட்டார்கள்.

நிற்பது பாதி வேலைதான். நாய் பக்கத்தில் ஒழுங்காக நடக்கும்போது உடனுக்குடன் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும், அதுவும் நம் கால் ஓரமாக, அதன் வாய் உயரத்தில். லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்குக் கையை நீட்டினால் போதும். பிஸ்தாவின் வாய் தரையிலிருந்து ஒரு சாண். ஐம்பதைத் தாண்டிய முதுகு நாலு அடிக்கு ஒரு தடவை குனிய ஒப்புக்கொள்ளாது. சின்ன நாய்க்காரர்களுக்கு இதற்கென்று ஒரு உபாயம் இருக்கிறது: நீளமான மரக்கரண்டி. நுனியில் கெட்டியாக எதையாவது தடவி, நடந்துகொண்டே நீட்டினால் நாய் ஒரு நக்கு நக்கிக்கொள்ளும். வெளிநாட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறார்கள். அதில் சைலிட்டால் என்கிற இனிப்பு சேர்த்திருந்தால் நாய்க்கு விஷம் என்பதால் டப்பாவைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். எதற்கு வம்பு? நான் குழைந்த தயிர்சாதம் அப்பினேன். தாளிக்காதது, வெங்காயம் படாதது.

இப்போது தெருவின் பார்வையில் இருந்து பாருங்கள். விடிகாலை. லுங்கி கட்டிய ஒரு மனிதர் கையில் தயிர்சாதக் கரண்டியோடு நடுத்தெருவில் அசையாமல் நிற்கிறார். யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. திடீரென்று நாலு அடி வைக்கிறார், கரண்டியைத் தரையோடு நீட்டுகிறார், மறுபடி நின்றுவிடுகிறார். தண்ணீர் கேன் போடும் பையன் வண்டியை நிறுத்தி, "எந்தக் கோயில்ல சார் அன்னதானம்?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

கரண்டி எப்போதும் செல்லுபடியாகாது. நம் மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு 30 கோடி வரை உண்டு. அத்தனையையும் ஒரு விளக்குக்கம்பத்தில் வைத்திருக்கும்போது தயிர்சாதத்தை யார் சீந்துவார்கள்? அப்போது கம்பத்தையே கூலியாக்கிவிட வேண்டும். கயிறு தொய்வாகக் கம்பம்வரை வந்தால் "ம், போ" என்று அனுமதி. இழுத்தால், கம்பம் இரண்டடியில் இருந்தாலும், நிற்பது. எனக்குத் தெரிந்து எல்லா உபாயங்களிலும் இதுதான் உருப்படியானது. செலவும் இல்லை.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது மனைவி தலையிட்டாள். அவளுடைய கைக்கடிகாரம் தினம் 10,000 அடி கேட்கிறது. 1965-இல் ஜப்பானில் 'மான்போ-கெய்' என்ற நடைமானியை விற்கப் போட்ட எண் அது, வேதவாக்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. சாயங்கால வாக்கிங் அவள் பொறுப்பு. பிஸ்தா இழுக்கிறான், அவள் அதே வேகத்தில் பின்னாலேயே போகிறாள், இரண்டு பேருக்கும் பரம திருப்தி. "நீங்க நின்னுண்டே இருந்தா எனக்கு அடி எப்படி ஏறும்?" என்பது அவள் வாதம்.

எப்போதும் கிடைக்கும் பலனைவிட, எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை ஆழமாகப் பிடித்துவைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியிருக்கிறார். பரிசுச்சீட்டின் சூட்சுமமும் இதுவே. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியை ஒழித்தார்கள். எங்கள் வீட்டுக் கயிற்றின் நுனியில் குலுக்கல் இன்னும் நடக்கிறது. காலையில் இழுத்தால் விழாது, சாயங்காலம் இழுத்தால் விழும், எதற்கும் இழுத்துப் பார்ப்போம் என்று பிஸ்தா இருக்கிறான். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஹார்னஸ் மாட்டினால் என் சட்டம். மனைவி முதலில் தனியாக நடந்து கடிகாரத்தின் பசியைத் தீர்த்துவிட்டு, பிறகு வந்து அவனைக் கூட்டிப்போவாள், என் சட்டப்படி.

தெரு நாய்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு கூட்டம், காதில் கருத்தடை அடையாள வெட்டோடு. எங்களைக் கண்டால் எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். வீரம் முழுக்க எங்கள் பக்கம்தான், அதுவும் கயிறு இறுகி இருக்கும்வரை. ஒரு தரம் நான் கயிற்றைத் தளர்த்தியதும் பிஸ்தா குரைப்பதைப் பாதியில் விட்டு என் லுங்கிக்குப் பின்னால் வந்து நின்றான். கயிறு தொய்ந்ததற்காகக் கரண்டியை நீட்ட வேண்டியிருந்தது. விதி விதிதான்.

இந்த விதியைத்தான் அவன் பிறகு பிடித்துக்கொண்டான். கொஞ்ச நாளில் தெருவே மெச்சும்படி நடை. ஆனால் கவனித்தால் ஒரு கணக்கு தெரிந்தது. வேண்டுமென்றே ஒரு இழுப்பு, நான் நிற்பேன். உடனே துள்ளித் திரும்பி என் காலடிக்கு வருவான், கரண்டி நீளும். ஒரு நக்கு. மறுபடி ஒரு இழுப்பு. இழு, திரும்பு, தின்னு என்று மூன்றையும் கோத்து ஒரே பாடமாகப் படித்துவிட்டான். மாற்று மருந்து சுலபம்: திரும்பி வந்ததற்குத் தீனி கிடையாது, வந்து சில அடி கூடவே நடந்தால்தான். அந்தச் 'சில' ஒவ்வொரு தடவையும் கூட வேண்டும். பிஸ்தா இரண்டு நாள் என்னை வெறுப்போடு பார்த்தான். பிறகு நடந்தான்.

இப்போது கோழிக்கடை வாசலைத் தவிர மற்ற இடங்களில் கயிறு தொய்ந்தே இருக்கிறது. கோழிக்கடையை அறிவியல் இன்னும் தொடவில்லை. அங்கே தூக்கிக்கொண்டுதான் கடக்கிறேன். போன வாரம் கோலம் போடும் மாமி வாசலைத் தாண்டிப் போனோம். பிஸ்தா என் காலோடு ஒட்டி, கோலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தான். முதுகுக்குப் பின்னால் மாமி அந்தப் பெரியவரிடம் சொன்னது நன்றாகக் கேட்டது.

"நாய் பாவம், எவ்வளவு பதவிசா அவரைக் கூட்டிண்டு போறது பாருங்கோ. அந்த மனுஷரைத்தான் யாராவது டாக்டர்ட்ட காட்டினா தேவலை."