கல்யாணக் கார்ட்டின் பின்பக்க வரைபடமும் அதற்குரிய மலிவு மென்பொருளும்: ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கல்யாணக் கார்ட்டுகளின் பின்பக்கத்தில் அச்சாகும் ‘மண்டபத்துக்கு வரும் வழி’ என்ற சிறுபடத்தை அறிஞர் உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வீதி, இரண்டு சந்தி, ஓர் அரசமரம். இதில் என்ன ஆய்வு என்பார்கள். அதை எந்த மென்பொருளில் வரைவது என்ற விவாதத்தில் இறங்கிய குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

களமாக மண்டூரை எடுத்துக்கொள்வோம். முருகன் கோயிலில் தாலிகட்டு. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் விருந்தாளிகள் மேற்கே படுவான்கரைக்கு வரவேண்டும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரலாம். குருமண்வெளியில் படகுப் பாதை ஏறினால் நேரே மண்டூர்தான். ஆகவே படத்தில் பாலம் முழுக்கோடு, படகு புள்ளிக்கோடு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது இந்த வாவியில் ஒரு புள்ளிக்கோடு முழுக்கோடானது. மென்பொருளுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஆனால் ஆட்டோகாட் அதை எடுத்துக்கொள்கிறது. 1982இல் பிறந்த இதை, வீட்டில் பொறியியல் படித்த மைத்துனர் ஒருவர் இருந்தால் முதலில் முன்மொழிவார். முழுப்பதிப்பின் வருடச் சந்தா நம் ரூபாயில் லட்சக்கணக்கு என்பதை அவர் சொல்லமாட்டார். அது போகட்டும். அதிலே ‘எல்டிஸ்கேல்’ என்று ஓர் அளவு உண்டு. அது பிசகினால் புள்ளிக்கோடு முழுக்கோடாகவே தெரியும். வாவியின் நடுவே இல்லாத பாலம் ஒன்று எழும்பிவிடும். வேன் சாரதி அதை நம்பிக் குருமண்வெளித் துறையில் வந்து நிற்பார்.

லிப்ரேகாட் இலவசம். கியூகாட்டின் வழிவந்தது, இருபரிமாணத்தோடு நின்றுகொள்வது. ஆனால் வீதிக்கு இரட்டைக்கோடு போட்டால் சந்திக்குச் சந்தி உள்ளே நீட்டும் கோடுகளை நறுக்க வேண்டும். நறுக்கிக் களைத்தவர் ஒழுங்கைகளையே விட்டுவிடுகிறார். கல்யாணப் படங்களில் ஒழுங்கைகள் அருகி வருவதற்கு இதுவே காரணம் என்பது நமது கருதுகோள், மறுப்பவர் மறுக்கலாம்.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் வரைவதற்கே இடம் வைக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கினால் வீதியெல்லாம் தானாக வந்து விழும். கேட்காத குளமும் வாய்க்காலும் கூடவே வரும். அந்தத் தரவின் உரிமத்தின்படி அதன் பங்களிப்பாளர்களுக்குப் படத்தில் நன்றி குறிப்பிட வேண்டும். ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதன் கீழே பெரியப்பாவின் பெயர் விடுபட்டதற்கே முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் குடும்பத்தில், முன்பின் தெரியாத பங்களிப்பாளர்கள் கார்ட்டில் ஏறுவதை யார் தாங்குவது?

மிஞ்சுவது இங்க்ஸ்கேப். 2003இல் வந்தது, இதுவும் இலவசம். வீதிகளைத் தடித்த கறுப்புக் கோடாக இழுங்கள். அவற்றைப் படியெடுத்து அதே இடத்தில் வெள்ளையாக்கி, சற்று மெல்லியதாக எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். சந்திகள் தாமே திறந்துகொள்ளும், கத்தரி வேண்டாம். தமிழும் கொம்பு, கால் பிசகாமல் வரும். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கினால் அச்சகத்தில் எழுத்துரு இல்லையென்ற பேச்சும் எழாது.

ஆகவே தீர்ப்பு இங்க்ஸ்கேப்புக்கே. படத்தின் மூலையில் மட்டும் மாப்பிள்ளையின் மாமாவுடைய கைத்தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். எழுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் அவரிடம்தான் வழி கேட்பார்கள்.