கரவனெல்லையில் ஒரு மணித்தியாலம்: தொலைக்கல்வி மாணவரின் படிப்பு நேரத்தை அளத்தல் குறித்த முன்னாய்வு

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. முழு வருடப் பாடச்சுமை 30 கிரெடிட், ஆக 1500 மணித்தியாலம். 90 கிரெடிட் பட்டத்துக்கு 4500. 365 நாளால் வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வருகிறது. தீபாவளி, தைப்பொங்கல், மாரியம்மன் திருவிழா, பக்கத்து லயத்துச் சாவு, எதற்கும் விடுமுறை கிடையாது. இவையெல்லாம் 'உத்தேச' மணித்தியாலங்கள் என்று சட்டகமே அடக்கமாகச் சொல்லிவிடுகிறது. உத்தேசித்தவர் எந்த வீட்டில் உட்கார்ந்து உத்தேசித்தார் என்று எங்கும் எழுதப்படாததால் இவ்வாய்வு அவசியமாயிற்று.

ஆய்வுக்களமாகக் கரவனெல்லையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைப் பக்கத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியும் கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கும் வீதியும் இங்கே சந்திக்கின்றன. 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் உருவாகி 1980இல் வேலையைத் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நாவலயில் இருக்கிறது. கற்கை நிலையங்கள் கேகாலையிலும் ஹட்டனிலும் உள்ளன. ஆகவே இந்தச் சந்தியில் நிற்கும் மாணவருக்கு எந்தப் பக்கம் போனாலும் பல்கலைக்கழகம் தூரத்தில்தான். தொலைக்கல்விக்கு இதைவிடத் தூய மாதிரியை எங்கே தேடுவது?

பஸ்ஸில் கழியும் நேரத்தைப் படிப்பில் சேர்ப்பதா என்ற சிக்கல் உடனே எழுகிறது. கொழும்புப் பக்கம் சேர்க்கலாம், உட்கார இடம் கிடைத்தால். ஹட்டன் பக்கம் யட்டியாந்தோட்டை தாண்டி, கித்துல்கலையில் வளைவுகள் தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் படிப்பவர் பக்கத்து ஆசனக்காரரின் சேலைக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை முன்பு சிறு ரயில்பாதை ஒன்று ஓடியது. 1942இல் அதைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியவர்கள் தொலைக்கல்வியை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

நேரத்தை அளக்கும் கலைக்கு உலகில் ஒரு பரம்பரையே இருக்கிறது. 1920களில் சோவியத் நாட்டில் ஸ்த்ருமிலின் தொழிலாளரின் இருபத்துநாலு மணித்தியாலத்தையும் எழுதி வாங்கினார். 1965–66இல் ஹங்கேரியரான சலாய் பன்னிரண்டு நாடுகளில் நாட்குறிப்பு எழுத வைத்தார். இலங்கை அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2017இல் நடந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2016இல் மனிதச் செயல்களையெல்லாம் ஒன்பது பெரும் பிரிவாக்கிற்று: சம்பளமில்லாத வீட்டுவேலை மூன்றாவது, பராமரிப்பு நான்காவது, கற்றல் ஆறாவது.

அடுப்பில் பருப்பு, மடியில் மொடியூல், இடுப்பில் அக்காவின் பிள்ளை. இந்த நிலையில் இருப்பவர் எத்தனையாம் பிரிவு? முதன்மைச் செயல், துணைச் செயல் என்று அறிஞர்கள் பிரிக்கிறார்கள். எது முதன்மை என்பதை மாணவரின் வாய்மொழிக்கே விட்டுவிடுகிறார்கள். இது விஞ்ஞானத்துக்கு அழகில்லை. நாம் முன்வைக்கும் அளவுகோல் புறவயமானது: பருப்பு அடிப்பிடித்தால் படிப்பு முதன்மை, பிடிக்காவிட்டால் சமையல் முதன்மை. சட்டியைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம்.

வினாக்கொத்தைப் பொறுத்தவரை, தனியாக ஒருவரிடம் கேட்டுப் பதில் வாங்குவது தோட்டத்து லயத்தில் நடக்காத காரியம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கேள்வி கேட்டால் பதில் எல்லாப் பக்கமிருந்தும் வரும். உதாரணத்துக்கு ஒரு பேட்டியைக் கற்பனை செய்வோம். "ஒரு நாளைக்கு எத்தன மணித்தியாலம் படிக்கிறீங்க?" என்று கேட்டால் மாணவி, "ரெண்டு மணித்தியாலமாவது படிப்பேன் சார்" என்பார். அடுப்படியிலிருந்து தாயார், "எங்கங்க சார், பொஸ்தகத்த தொறந்தவொடனே தூங்கிப்போயிருது" என்பார். வாசலில் வெற்றிலை இடிக்கும் அப்பாயி, "விடிய விடிய லைட்டு எரியிது சார், பில்லு யாரு கட்டுறது?" என்பார். மூன்றும் ஒரே இரவைப் பற்றிய சாட்சியங்கள். மூவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஆய்வாளருக்குப் பெரிய இடைஞ்சல்.

இனி ரப்பர். கேகாலைப் பக்கத் தோட்டங்களில் நேரத்தை நிர்ணயிப்பது மணிக்கூடு இல்லை, பால். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் விடியும்போதே பட்டையைக் கீற வேண்டும். நண்பகலுக்குள் பால் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல், கணக்குப்படி, சும்மா கிடக்கிறது. மழை பெய்தால் வெட்டு இல்லை. சிரட்டையில் தண்ணீர் விழுந்தால் பால் போயிற்று. தோட்டத்துத் துரைகூட மழையன்று படிப்பு கூடும் என்றுதான் எதிர்பார்ப்பார். நடப்பது தலைகீழ். மழையன்று யாருக்கும் நாட்சம்பளப் பேர் விழாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலே டிவியைக் கூட்டி வைப்பார்கள். ஓய்வு நேரம் கூடக்கூடப் படிப்பு நேரம் குறையும் என்ற இந்த நியதிக்குக் 'கரவனெல்லை விதி' என்று பெயரிடுகிறோம். கையிலிருக்கும் நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை வீங்கும் என்று 1955இல் எழுதிய பார்க்கின்சன், அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் சரித்திரப் பேராசிரியர். சுற்றிலும் ரப்பர் நாடு. எந்த லயத்திலும் மழைக்கு ஒதுங்கவில்லை போலும்.

மணித்தியாலம் என்ற அலகே இங்கே பொருந்தாது என்ற முடிவுக்கு வேறு வழியில்லாமல் வந்திருக்கிறோம். கூப்பிடு தூரம் என்று தூரத்துக்கு நம்மவர்கள் வைத்திருந்த அளவையை நேரத்துக்கும் நீட்டலாம். ஒரு தடவை கூப்பிட்டதற்கும் அடுத்த தடவை கூப்பிடுவதற்கும் இடைப்பட்ட நேரம் ஒரு கூப்பிடு. கற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பீலியில் தண்ணீர் வந்துவிட்டது என்பது ஒரு குரல். பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிவர வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் கனமானது போரம்.

படித்த பிள்ளை என்று லயத்துக்கே தெரிந்துவிட்டால் அதன் பிறகு அந்த வாசல் ஒரு கந்தோர்தான். ஈ.பி.எஃப் போரம், பிறப்புச் சான்றிதழில் பிழையாக விழுந்த பெயர், 2023இலிருந்து அஸ்வெசும விண்ணப்பம், பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம். "டீச்சர், இதுல என்னா எழுதியிருக்குனு ஒருக்கா பாத்து சொல்லுங்களேன்." ஒருக்கா என்பது ஒரு பின்னேரம். தாயின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் தோட்டத்துச் செக்ரோலில் வேறு விதமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி வேண்டும். அதை யாரிடம், எந்த மொழியில் முடிப்பது என்பதும் டீச்சருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியலில் இது ஐந்தாம் பிரிவு, தொண்டு. இந்த இடத்தில் ஆய்வாளர் நடுநிலையை விட்டு விலகுகிறார்: பொது நிர்வாகம், சட்டம், சிங்களம் என்று மூன்று பாடம் அந்த வாசலில் நடக்கிறது. அதற்கு ஒரு கிரெடிட்டாவது கொடுக்காத பல்கலைக்கழகம் கணக்கில் பலவீனமானது.

பழைய மாணவர்களின் ஞாபகத்தை நம்பித் தரவு திரட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1996 மேயில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிற்று. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணித்தியாலத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பத்து வருடத்தைப் பற்றி "காலையில் நாலு மணிக்கு எழும்பிப் படித்தேன்" என்று சொல்பவரிடம், பழைய நேரமா புது நேரமா என்று கேட்காமல் எழுதிக்கொள்ளக் கூடாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாட்களை இத்தரவிலிருந்து நீக்கலாம். டிவி அணைந்த நன்மையும் போன் அணைந்த தீமையும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன.

களப்பணியை லயத்தில் செய்வதைவிடச் சந்தியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்வதே உசிதம். அங்கே தாயாரும் அப்பாயியும் இல்லை, பீலியும் இல்லை. ஆனால் பஸ் வந்துவிட்டால் தகவலாளி பாதி வசனத்தில் ஏறிப் போய்விடுவார் என்பதால், இருபது பக்க வினாக்கொத்தில் முக்கியமான கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும்: அடுத்த ஒப்படை எந்தத் திகதி? அது தெரிந்துவிட்டால் மீதிப் பத்தொன்பது பக்கத்தையும் ஆய்வாளரே வீட்டிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். திகதிக்கு முந்திய இரவைத் தவிர மற்றெல்லாப் பெட்டியிலும் பூச்சியம் போட்டால் சரி.