ஆள் தெரிய வேண்டும்

எங்கள் அப்பா ரயில்வேயில் கீமேன். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கேங்கில் இருந்தார். மீட்டர் கேஜ் காலம் அது. காலையில் தோளில் ஸ்பேனர், கையில் சுத்தியல், கக்கத்தில் சுருட்டிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும், உடம்பில் காக்கி. தண்டவாளத்தோடே நடந்து, அதைப் பிடித்திருக்கும் சாவிகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்கிக்கொண்டே போவார். சாயங்காலம் அவர் திரும்புகிற நேரம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பார்த்தால் காக்கிச் சட்டையும் மண்மேடும் காய்ந்த புல்லும் ஒரே நிறமாகக் கிடக்கும். முதலில் கொடிதான் கண்ணில் படும். அப்புறம்தான் அப்பா.

மழைக்காலம் வந்தால் ராத்திரி ரோந்து. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த பகுதி எங்களுடையது. அந்த வட்டாரத்தில் ரோந்தை யாரும் கடமைக்குச் செய்ததில்லை. ஒரு தடி, கைவிளக்கு, விசில், தண்டவாளத்தில் பொருத்தும் டெட்டனேட்டர் வெடிகள் போட்ட தகர டப்பா, எண் எழுதிய சின்னத் தகடு. எதிரிலிருந்து வரும் ரோந்துக்காரரிடம் அந்தத் தகட்டைக் கொடுத்து, அவருடையதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இடையில் அரிப்போ உடைப்போ கண்டால் வண்டியை நிறுத்துவது அப்பாவின் பொறுப்பு.

ஒரு ராத்திரி அப்பா கிளம்பும்போது கேட்டேன்.

"அப்பா, இருட்டுல டிரைவருக்கு நீங்க தெரிவீங்களா?"

"விளக்கு தெரிஞ்சாப் போதும் பாப்பா. நான் எதுக்குத் தெரியணும்?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றைய முறையே அதுதான். விளக்கும் கொடியும் தெரிந்தால் வண்டி பிழைக்கும். விளக்கைப் பிடித்திருக்கிற மனிதன் தன் காதை நம்பிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். கேங்மேன்கள் எல்லாருக்கும் காது கூர்மை. எந்த வண்டி, எவ்வளவு தூரத்தில் என்று குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொல்வார்கள்.

அப்பா அப்படிச் சொன்ன ராத்திரிக்கு முன்பே, 1964-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாக மின்மயமான பாதையில் வேலை செய்தவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் பளிச்சிடும் மேலாடையைக் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். அதை மின்மினி ஜாக்கெட் என்றே அழைத்தார்கள். மின்சார வண்டி வேகமானது, சத்தம் குறைந்தது. காதை நம்ப முடியாது என்பது அங்கே அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பாதை பிற்பாடு அகலப்பாதையாகி, மின்மயமாகி, இரட்டைப் பாதையும் ஆனது. மணிக்கு 110 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு வினாடியில் 30 மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுநர் 300 மீட்டரில் ஆளைப் பார்த்துவிட்டால், ஹாரன் அடித்து, அது காதில் விழுந்து, கடப்பாரையோடு ஒதுங்குவதற்குப் பத்து வினாடி உண்டு. 150 மீட்டரில்தான் பார்க்கிறார் என்றால் ஐந்து வினாடி. ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த பாதையில் போய் நின்று, அதில் வந்த வண்டியில் அடிபடுவதுதான் இரட்டைப் பாதையில் மிகக் கொடுமையான சாவு. இன்று அந்த வழியாக ரயிலில் போனால் ஜல்லி மேட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவர்களைத் தூரத்திலேயே எண்ணிவிடலாம். எண்ணும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. கொடியைத் தேடவேண்டியதில்லை, ஆளே தெரிகிறார்.

நான் இப்போது சாலை போடுகிற ஒரு நிறுவனத்தில் பாதுகாப்புச் சாமான் வாங்குகிற பொறுப்பில் இருக்கிறேன். சேஃப்டி ஜாக்கெட் இன்று எங்கும் இருக்கிறது. டோல்கேட், கார் பார்க்கிங், கல்யாண மண்டப வாசல், குப்பை வண்டி. ஆனால் அதில் பாதிக்கு மேல் நான் என் ஆட்களுக்குத் தரமாட்டேன். அப்பா காலத்தில் ஆள் தெரியமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆளும் ஜாக்கிரதையாக இருந்தான், மேஸ்திரியும் ஜாக்கிரதையாக இருந்தார். இன்று மட்டமான ஜாக்கெட்டைப் போட்டவன் தான் தெரிவதாக நம்பி, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இது காக்கியைவிட மோசம்.

ஜாக்கெட்டில் இரண்டு வேலை நடக்கிறது. பளிச்சென்ற துணி பகலுக்கு. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக அது வெளியே விடுகிறது. அதனால்தான் விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இது எடுப்பாக நிற்கிறது. இருட்டிவிட்டால் அந்தத் துணிக்கு வேலை இல்லை. ராத்திரிக்கு உதவுவது அதில் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டைதான். ஹெட்லைட் பட்டதும் ரோட்டோர மாட்டின் கண் மின்னுவதைப் போல, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் பட்டையில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்திருப்பார்கள். வெறும் வெள்ளி நிறத் துணியைத் தைத்தும் விற்கிறார்கள். கடை டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

திருச்சியில் ஒரு கடையில் கட்டுக்கட்டாக எடுத்துப் போட்டார்கள். கடையின் பின்பக்கக் கிடங்கில் விளக்கை அணைக்கச் சொல்லி, பையனை ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கோடியில் நிற்கச் சொன்னேன். போன் டார்ச்சை என் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்தேன். பட்டை சாம்பல் நிறமாகவே நின்றது. அடுத்த ஜாக்கெட்டில் பட்டை வெள்ளை வெளேரென்று எரிந்தது; பையனின் முகம்கூட அந்த வெளிச்சத்தில் மறைந்துபோனது. டார்ச்சைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் நல்ல பட்டையும் மங்கிவிடும், ஏனென்றால் ஒளி டார்ச்சுக்கே திரும்பிப் போகிறது. கண்ணோடு ஒட்டிப் பிடிப்பதுதான் இதில் முக்கியம். பிறகு பட்டையில் தண்ணீர் தெளித்தும் பார்த்தேன். மணிகள் வெளியே தெரிய இருக்கும் சில பட்டைகள் நனைந்தால் ஒளியை இழந்துவிடும். மழையில் ரோந்து போனவரின் மகளுக்கு இதைப் பார்க்காமல் வாங்க மனம் வராது.

லேபிளையும் படிக்க வேண்டும். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 15809. ஐஎஸ்ஓ 20471 என்ற சர்வதேசத் தரத்தில் மூன்று வகுப்பு. இரண்டாம் வகுப்புக்குப் பளிச்சிடும் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டர், பட்டை 0.13 சதுர மீட்டர். மூன்றாம் வகுப்புக்கு 0.80, 0.20. பட்டையின் அகலம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கையில்லாத மேலாடை மட்டும் போட்டு மூன்றாம் வகுப்பை எட்ட முடியாது. முழுக்கையோ பேன்ட்டோ சேர வேண்டும். வேகமான சாலையில் ராத்திரி வேலைக்கு நான் மூன்றாம் வகுப்புக்குக் கீழே இறங்குவதில்லை. வீசி நடக்கிற கையிலும் காலிலும் பட்டை இருந்தால்தான், அது கம்பமோ பீப்பாயோ அல்ல, மனிதன் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று உறைக்கும்.

நிறம் இடத்தைப் பொறுத்தது. நாற்று நட்ட வயலுக்கு நடுவே எலுமிச்சைப் பச்சை கரைந்துவிடும், அங்கே ஆரஞ்சு. செம்மண் வெட்டுகிற இடத்தில் ஆரஞ்சு எடுபடாது, எலுமிச்சை நிறம்தான். கத்திரி வெயிலில் கெட்டித் துணியைக் கொடுத்தால் பத்து மணிக்கே கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், ஆகவே வலைத்துணி. வெல்டிங் பக்கம் சாதாரண பாலியெஸ்டரை விடவே கூடாது, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். எந்திரத்துக்கு அருகில் இழுத்ததும் பிரிந்துவிடும் ஒட்டுப்பட்டை வைத்தது வேண்டும்.

சித்தாள் பெண்களின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். சேலைக்கு மேல் ஆண் சட்டை, அதற்கு மேல் ஆண் அளவு ஜாக்கெட். தோள் வழிந்து, கல்லைத் தூக்கும்போது முன்பக்கம் மடங்கி, பட்டை முழுதும் மடிப்புக்குள் போய்விடுகிறது. சிறிய அளவில், பக்கவாட்டில் இழுத்துக் கட்டுகிற நாடா வைத்தது கிடைக்கிறது. சில ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்காதது வாங்குபவரின் குற்றம்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் துவைக்கிற கல்லில் அடித்து, பிரஷ் போட்டு, உச்சி வெயிலில் காயப்போடுகிறார்கள். நம் பழக்கம் அப்படி. ஆனால் கல்லில் அடித்தால் பட்டையின் மணிகள் உதிரும், வெயிலில் துணி வெளுக்கும், பிளீச்சிங் பட்டால் இரண்டும் போகும். கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். எத்தனை சலவை தாங்கும் என்று நல்ல ஜாக்கெட்டின் லேபிளிலேயே போட்டிருக்கும். அதன் பிறகு அது பழைய துணி.

சமயபுரம் கோயிலுக்குப் பாதயாத்திரையாக நடக்கிறவர்களைப் பற்றி எனக்குத் தீராத கவலை. வெயிலுக்குப் பயந்து, அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து ராத்திரியில் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாகச் சாரிசாரியாகப் போகிறார்கள். சாதாரண மஞ்சள் துணி ராத்திரியில் ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்பாது. ஜாக்கெட் போட்டவர்களும் அதன் மேலேயே பையை மாட்டி, முதுகுப் பட்டையை மூடிவிடுகிறார்கள். சில இடங்களில் போலீசார் பைகளிலேயே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது உண்மையாகவே உயிர் காக்கிற காரியம்.

உங்கள் ஊரிலிருந்து குழு கிளம்பினால், கொடி பிடிக்கிற முன் ஆளுக்கு ஜாக்கெட் வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். கடைசியில் நடக்கிறவருக்கு முதலில் வாங்குங்கள். பின்னால் வரும் வண்டி முதலில் நெருங்குவது அவரைத்தான். எல்லாருக்கும் ஜாக்கெட் வாங்கக் காசு இல்லையென்றால் ஒளிரும் பட்டையை மட்டும் மீட்டர் கணக்கில் வாங்கி, பையின் வெளிப்பக்கம் தையுங்கள், இரண்டு கணுக்காலிலும் கட்டுங்கள். தாழ்த்தி விட்ட ஹெட்லைட் முதலில் தொடுவது காலைத்தான்.