ராஜினாமாக் கடுதாசிய மடக்கி வை மக்ளே

மக்ளே, நீ காதல் நாவல் எழுதுகேன்னு ஒங்கம்மை சொன்னா. கொள்ளாம். அதுக்காக பேங்கு வேலைய விடப் போறியாம், அதையும் சொன்னா. அதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள முந்தானை பாதி நனைஞ்சு போச்சு. அதுக்காக்கும் கூப்பிட்டேன். பயப்படாண்டாம், புத்தியெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்குப் புத்தி இருந்தா இந்த வயசில மூணு மருமக்கமாருக்கு ஊடால கெடந்து பாகம் பேசிக்கிட்டு இருப்பனா?

நீ தந்த தாளுக்கட்டை வாசிச்சேன். கதாநாயகனும் கதாநாயகியும் முதல்ல மழையில சந்திக்கா. ரெண்டாவதும் மழையில சந்திக்கா. சரி, நம்ம ஊருக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு, வருசத்தில ரெண்டு மழைன்னு விட்டுட்டேன். மூணாவதும் மழைன்னா எந்தக் கணக்கில சேக்க? போகட்டும். அந்தப் பயலுக்கு அப்பன் இல்ல, அம்மை இல்ல, கடன் இல்ல, பங்காளி வழக்கு இல்ல, சாதி என்னன்னும் தெரியல்ல. காரு மட்டும் இருக்கு. அவளுக்கும் கேக்க நாதியில்ல. பின்ன யாரு பிள்ளே தடுக்கா? நேர ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டா ஒம்பதாம் பக்கத்தில முடிஞ்சு போகும். நீ அதை முன்னூறு பக்கத்துக்கு இழுத்திருக்கே. நடுவில ஆளுக்கொரு டயரி எழுதுகா. அது காயிதத்துக்குப் பிடிச்ச கேடு.

ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதின 'புத்தம் வீடு' வாசிச்சிருக்கியா? இல்லைன்னு தெரியும். தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சி வழியா பஸ்ஸில எத்தனை மட்டம் போயிருக்கே, அங்க இப்படி ஒரு டீச்சர் இருந்தாவன்னு ஒருத்தனும் ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டான். 1964-ல வந்த புத்தகம். அதுவும் காதல் கதைதான் கேட்டியா. லிஸின்னு ஒரு குட்டி. பேரு பெத்த வீடு, ஆனா உள்ள அரிச்சுப் போன வீடு. வயசுக்கு வார பிராயத்தில பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோட இருத்திப் போடுகாவ. அவ ஆசைப்படுகது தங்கராஜ்ன்னு ஒரு பயலை. அவன் யாரு? இவிய விளையில பனையேறுகவனுக்க மகன். ரெண்டு பேரும் ஒரே சாதி, ஒரே வேதம், ஞாயித்துக்கிழமை கும்பிடுக கோயிலும் ஒண்ணு. பின்ன என்ன தடைன்னு கேக்கியா? விளைக்குச் சொந்தக்காரன் ஒருத்தன், அந்த விளையில பனையேறுகவன் இன்னொருத்தன். அம்புட்டுதான் தடை. அந்தத் தடையைத் தாண்டுகதுக்கு ஒரு நாவல் முழுக்க வேண்டியிருக்கு. போதாக்குறைக்கு அந்தப் பயலுக்க தலையில ஒரு கொலைப்பழியும் வந்து விழுது.

அதில மழையெல்லாம் வேண்டியே இருக்கல்ல. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க பிள்ளைக்கு, வெளிய பனையில ஒருத்தன் ஏறி இறங்குக சத்தம் கேட்டாலே போதும், நெஞ்சு அடிச்சுக்கும். பனையேத்துன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது. விடியுமுன்ன ஏறணும், அந்திக்கும் ஏறணும். பாளையை ஒரு நாள் சீவாம விட்டா அக்கானி, அதான் பதனீரு, நின்னு போகும். மரத்தில இருந்து இறங்கினது பெண்டுக கைக்குப் போகும். அவிய ஓலையும் சுள்ளியுமா அடுப்பில தள்ளித் தள்ளிக் காச்சணும். புகையில கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்து கிடக்கும். பாவு பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தி ஆறவச்சுத் தட்டினா கருப்பட்டி. வடசேரிச் சந்தையில நீ பேரம் பேசி வாங்குக சாமானம் அதுதான். அந்தப் புகை படிஞ்ச வீட்டுல இருந்து ஒருத்தன் வந்து எனக்கு ஒங்க மகளைத் தாங்கன்னு கேட்டா, புத்தம் வீட்டுக்காரன் மானம் என்னத்துக்கு ஆகும்? கதை அங்கயாக்கும் இருக்கு. ஒனக்க கதாநாயகனுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். ஐ.டி.ன்னு எழுதியிருக்கே. ஐ.டி.யில என்ன செய்யான்னு தேடித் தேடிப் பாத்தேன். சாயா குடிக்கான், நகரத்தைச் சன்னல் வழியாப் பாக்கான்.

சரி, அந்த டீச்சர் எப்பம் எழுதினாவங்கதைச் சொல்லுகேன். 1925-ல பர்மாவில பிறந்தவிய. படிப்பு இங்கிலீசு. திருவனந்தபுரத்தில காலேஜில பிள்ளையளுக்கு இங்கிலீசு படிப்பிச்சவிய. வீட்டுக்காரரு பேராசிரியர் ஜேசுதாசன், தமிழ் வாத்தியாரு. ரெண்டு பேரும் சேர்ந்து 1961-ல தமிழ் இலக்கிய வரலாறை இங்கிலீசில ஒரு புத்தகமாப் போட்டாவ. பின்னயாக்கும் நாவலு. அது அச்சில வரும்போ டீச்சருக்கு 40 வயசு ஆகப் போகுது. நம்ம நாகர்கோயில் சுந்தர ராமசாமி அந்தக் குடும்பத்துக்குச் சினேகிதரு. நாவலைப் போட்டது மெட்ராசில கண. முத்தையாவுக்க தமிழ்ப் புத்தகாலயம். அந்த முத்தையாவும் பர்மாவில இருந்தவருதான், நேதாஜி படையில சேர்ந்த ஆளு. 'வால்காவிலிருந்து கங்கை வரை'யைத் தமிழில கொண்டு வந்தவரு. பனைவிளைக் காதலுக்கு அச்சு போட்டது பட்டாளத்துக்காரரு! இந்தக் காலத்தில அப்படி ஒரு ஆளு கைக்கு ஒனக்க தாளுக்கட்டு போனா, முதல் காரியமா மூணாவது மழையை வெட்டிப் போடுவாரு.

அந்த நாவலுக்குப் பின்னயும் டீச்சர் காலேஜுக்குத்தான் போனாவ. மொத்தமே நாலு நாவல்தான். 1967-ல 'டாக்டர் செல்லப்பா', பின்ன 'அனாதை', 'மா-னீ'. அதுக்கப்புறம் தமிழ் இலக்கியத்துக்க கதையைப் பெரிய பெரிய வால்யமா இங்கிலீசில எழுத உக்காந்துட்டாவ. 2012-ல காலமானாவ. காதல் கதைன்னு தொடங்கினா காலம் பூரா காதலையே எழுதிக்கிட்டு இருக்கணும்னு யாரும் பத்திரம் எழுதி வாங்கல்ல.

அவிய மட்டும் இல்ல. நம்ம பக்கத்து எழுத்துக்காரன் யாரு வேலைய விட்டுட்டு எழுத உக்காந்தான்னு சொல்லு பாப்போம். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை. புளியமரத்தைப் பத்தி எழுதினவரு பகலெல்லாம் துணி விக்கிற கணக்குப் பாத்தவரு. நீல பத்மநாபன் கேரளத்து மின்சார வாரியத்தில இன்ஜினியரு. இரணியலை வச்சு 'தலைமுறைகள்' எழுதினாரு, 1968-ல. தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகம்மது மீரான் மிளகாய் வத்தல் யாவாரி. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988-ல தன் கைக்காசைப் போட்டுத்தான் கொண்டு வந்தாரு. பின்ன 1997-ல 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்ய அகாதமியே கொடுத்தான். வீரநாராயணமங்கலத்து நாஞ்சில் நாடன் பம்பாய்ல இருந்துக்கிட்டு கம்பெனிச் சரக்கு விக்க ஊர் ஊரா அலைஞ்சவரு. அவரு 1977-ல எழுதின முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' எதைப் பத்தி? பணக்கார வீட்டுப் பெண்ணைக் கெட்டிக்கிட்டு முழிக்கிற ஒரு பாவப்பட்ட பயலைப் பத்தி. தங்கர் பச்சான் அதைத்தான் சினிமா எடுத்தாரு. ஜவுளி, கரண்டு, மிளகாய், பம்பாய் ரயிலு. இதில எதுக்காவது ஒனக்க ஏ.சி. போட்ட பேங்கு குறைச்சலா?

நீ எந்தக் கவுண்டரில இருக்கே? நகைக்கடன். எட்டி, காதல் கதை எழுதுகவளுக்கு அதைவிட நல்ல இடம் வேற உண்டா! கெட்டுத்தாலிச் செயினைக் கழத்தி வச்சிட்டு, மஞ்சக் கயிறை மாராப்புக்குள்ள தள்ளிவிட்டுக்கிட்டு ஒருத்தி போவா பாரு. அவ யாருக்காகக் கழத்தினா? மாப்பிளைக்குத் தெரிஞ்சா, தெரியாமலா? ஆடி முடியுமுன்ன மீட்டுத் தாறேன்னு அவன் சத்தியம் பண்ணியிருப்பான். மறு வருசம் வட்டிய மட்டும் கெட்டி மாத்தி வைக்க வருவா. அப்பமும் கூட வந்தவன் வெளிய பைக்கில இருந்துக்கிட்டு உள்ள வர மாட்டான். வெக்கம். ஆனா அவ வெளிய போனதும் பைக்கை விட்டு இறங்கி, அவ கையில இருந்த பையை வாங்கி முன்னால மாட்டுவான். தாலி கெட்டி இருவது வருசத்துக்குப் பின்ன நடக்க காதல் அது. ஒனக்கு அதை நித்தம் காட்டி, சம்பளமும் தாறான். அதை விட்டுட்டு வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு, மலேசியாவில ஒருத்தன் ஒருத்தியைப் பாத்தான்னு எழுதப் போறியா?

நீ மூஞ்சிய அப்படி வைக்காண்டாம். ஜனங்க விரும்பி வாசிக்கிற காதல் கதையை நான் இளப்பமாப் பேச மாட்டேன். ரமணிசந்திரன் 150-க்கு மேல நாவல் எழுதியிருக்காவ. நம்ம ஊரு லைப்ரரியில அவிய புத்தகத்துக்கு மட்டும் அட்டை நிக்காது. எத்தனை மட்டம் பைண்டிங் பண்ணினாலும் பிஞ்சு போகும். பெரிய இலக்கியக்காரன் புத்தகம் பக்கத்து அலமாரியில வாங்கின அன்னைக்கு இருந்த மினுக்கத்தோட இருக்கும். ஒங்க ஆச்சி மாவாட்டிக்கிட்டே ராணிமுத்து வாசிப்பா. பக்கத்துக்குப் பக்கம் மாவுக் கைரேகை. மெட்ராசில ஒரு கம்பெனிக்காரன் 2008-ல தமிழ்ச் சல்லிசு நாவல்களைத் தொகுத்து இங்கிலீசில போட்டான், பிளாஃப்ட்டுன்னு கம்பெனி பேரு. அதில ரமணிசந்திரனும் உண்டு. அதுக்கு முன்ன வை.மு. கோதைநாயகி. எழுதப் படிக்கவே ஒழுங்கா வராத காலத்தில கதையைச் சொல்லச் சொல்ல ஒரு சினேகிதி எழுதிக்கொடுத்தா. 1925-ல 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏத்தெடுத்து, 115 நாவல் எழுதி, ஊடால சுதந்திரப் போராட்டத்தில ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாவ. அவிய காலத்தில கதவைச் சாத்திக்கிட்டு எழுத முடிஞ்சது ஜெயிலில மட்டும்தான் போல.

சீமையிலயும் இதுதான் சங்கதி. மில்ஸ் அண்டு பூன்னு கேட்டிருப்பே, பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கதையும் நான் பாத்திருக்கேன். 1908-ல லண்டன்ல தொடங்கும்போ அவன் எல்லாப் புத்தகமும் போட்டவன்தான். வாடகைக்குப் புத்தகம் கொடுக்க லைப்ரரிக்காரனுக்கு எது ஓடுதுன்னு பாத்து, முப்பதுகள்ல காதலுக்குன்னே ஒதுங்கினான். அவனுக்குக் காதல் மேல காதலில்ல பிள்ளே, கணக்கு மேல.

கணக்குன்னதும்தான் ஞாபகம். புத்தகம் விலை 200 ரூவான்னு வை. ராயல்டி நூத்துக்குப் பத்துன்னா ஒரு பிரதிக்கு ஒனக்கு 20 ரூவா. முதல் அச்சு 300 பிரதி அடிச்சு அத்தனையும் வித்தாலும் 6,000 ரூவா. ஒனக்க ஸ்கூட்டர் தவணையே ரெண்டு மாசம் காணாது. இதுக்கு ராஜினாமாக் கடுதாசி வேற. இப்பம் நீங்கல்லாம் போனில பிரதிலிபிங்க ஆப்பில தொடர் எழுதுகியளாமே, வாசிக்கவளுவ 'அடுத்த அத்தியாயம் எப்போ'ன்னு நச்சரிக்காளாமே. எழுது, நல்லது. ஆளு கூடுக இடத்தில கடை போடுகது குத்தமில்ல. ஆனா நித்தம் ஒரு அத்தியாயம்னு வாக்குக் கொடுத்தேன்னா, ஒனக்க கதாநாயகி காப்பி கலக்குகதுக்கே ஒரு வாரம் எடுப்பா.

அச்சுப் புத்தகம்தான் வேணும்னா கே.பி. ரோட்டில காலச்சுவடு இருக்கு, மெட்ராசில எத்தனையோ பேரு இருக்கா. அனுப்புகதுக்கு முன்ன அவன் என்ன மாதிரி புத்தகம் போடுகான்னு நாலு வாங்கி வாசி. புளிக்கடையில போயி மல்லிகைப்பூ விலை கேக்கப்பிடாது. அதுக்குத் தோவாளை இருக்கு. ராயல்டி எத்தனை, கணக்கு எப்பம் தருவான், சினிமா உரிமை யாருக்கு, எல்லாம் எழுத்தில வாங்கு. ஜனவரியில மெட்ராஸ் புத்தகக் கண்காட்சி வருகு, ஆனதால டிசம்பர்ல பதிப்பாளனுக்குப் போன் போடாதே. அவன் எடுக்க மாட்டான், எடுத்தாலும் ஏசுவான். அப்புறம், 'நீங்க 40,000 ரூவா கெட்டுங்கோ, நாங்க ஒங்களை எழுத்தாளர் ஆக்குகோம்'னு எவனாவது வந்தா ஒங்க பெரியப்பனை நினைச்சுக்கோ. கவிதைப் புத்தகம் போடுகேன்னு தென்னந்தோப்பு குத்தகைப் பணத்தைக் கொண்டு ஒருத்தன் கையில கொடுத்தான். கெட்டுக் கெட்டா ஆட்டோவில வந்து இறங்கினது இன்னும் கட்டிலுக்கடியில கிடக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்க்குப் பதிலா அதில ரெண்டு கொடுக்கான். இப்பம் நம்ம சொந்தத்தில அவனுக்குப் பத்திரிகை வைக்கவே ஆளுக யோசிக்கா.

ஒங்கம்மைக்கு வேற ஒரு பயம். காதல் நாவல் எழுதுகவளை எவன் கெட்டுவான்னு. பெண்ணு பாக்க வாறவன் கட்டாயம் கேப்பான், 'இதெல்லாம் சொந்த அனுபவமா?'ன்னு. இல்ல சார், கற்பனைன்னு இழையாதே. ஆமான்னு சொல்லு. ஓடுகவன் ஓடட்டும். ஓடாம இருந்து, 'ரெண்டாம் அத்தியாயம் கொஞ்சம் நீளம்'னு சொன்னான்னா அவனை விடாதே, நானே நாள் குறிச்சுத் தாறேன். வாசிச்சிருக்கான் பாரு.

கடைசியா ஒரு காரியம். அந்தக் காதலைக் கெடுக்கிற கிழவன் ஒருத்தன் வாறானே, பாக்கு இடிச்சுக்கிட்டு, காது கேக்காத மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு, பேத்திமாரு டயரியைத் திருடி வாசிக்கிறவன். அது யாருன்னு எனக்குத் தெரியும், ஒங்கம்மைக்கும் தெரியும், மூணு மருமக்கமாருக்கும் தெரியும். வெட்டாண்டாம். தாளுக்கட்டு முழுக்க உசிரோட நடமாடுகது அந்தக் கெழவன் ஒருத்தன்தான். ஆனா பதினாலாம் அத்தியாயத்தில அவனைக் கொன்னு போட்டிருக்கே. அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிரு மக்ளே, நாவலுக்கு ரெண்டாம் பாகம் வேண்டியிருக்கும்.