கொல்லைப்புறச் சிறுபறவைகளை இனங்காணும் நெறி: ராயக்கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

ராயக்கோட்டையின் கோட்டை 1791-இல், மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் வசமாயிற்று. கொல்லைகள் இன்றுவரை எவருக்கும் வசப்படவில்லை. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணிக்கொடி, பாத்திரம் துலக்கும் கல், அதனடியில் காயாத ஈரம்: ஆய்வுக்களம் இவ்வளவே. அங்கு வந்துபோகும் உள்ளங்கை அளவுப் பறவைகள் எவை என்பது வினா. "குருவிதான், வேற என்ன?" என்பது வீட்டாரின் ஒருமித்த விடை. அவ்விடையில் பிழை இல்லை, பயனும் இல்லை.

2. அளவை

1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நூலில் சாலிம் அலி சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் முதலியவற்றையே அளவுகோலாக வைத்தார். தெரிந்த பறவையைக் கொண்டு தெரியாததை அளக்கும் இம்முறை, தெரிந்த பறவை உள்ளவர்க்கே உதவும். மண்டிக்குத் தக்காளி அனுப்பும் ஊரில் தக்காளியே தக்க அளவை. அதன்படி 8 செ.மீ. நீளமுள்ள பூங்கொத்தி ஒன்றேகால் தக்காளி, 13 செ.மீ. தையல்சிட்டு இரண்டு தக்காளி. மண்டியில் விலை சரிந்தாலும் பறவையின் நீளம் குறையாது என்பது இவ்வளவையின் சிறப்பு.

3. சான்றுகள்

தையல்சிட்டுக்குத் துருநிற உச்சி, தூக்கிய வால். இலைகளைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடமைக்கும். குரல் உடம்புக்குப் பொருந்தாத பெருங்குரல். ஆதலால் காதால் மட்டும் கண்டவர்கள் அதைப் பெரிய பறவை என்றே சாட்சி சொல்வர்.

சாம்பல் கதிர்க்குருவியும் வால் தூக்கும். சமயத்தில் இலையும் தைக்கும். ஆனால் உச்சி சாம்பல் நிறம். பறக்கையில் டிக் டிக் என்று ஓர் ஒலி எழும். வீட்டார் உடனே மின்கம்பியைப் பார்ப்பர். அதற்குள் பறவை போயிருக்கும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாய் மின்னும். காலம் முடிந்ததும் பெண்ணின் வெளிர்மஞ்சளை அணிந்து, நெஞ்சின் நடுவே ஒரு கருங்கோட்டை மட்டும் மிச்சம் வைக்கும். இவ்வாறு ஒரே பறவை ஒரே நோட்டுப்புத்தகத்தில் இருமுறை இடம்பெறும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கு இவ்வழக்கம் இல்லை.

வெள்ளைக்கண்ணியை அறிவது எளிது: கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஆனால் நூலில் பக்கவாட்டில் நிற்கும் பறவை, முருங்கைக்கு அடியில் நிற்பவர்க்கு வயிற்றை மட்டுமே காட்டும்.

4. கருதுகோள்

அடுத்தடுத்த இரு வீடுகள். மதிலுக்கு மேலே ஒரே முருங்கை இருபுறமும் கிளை விட்டிருக்கிறது. ஒரு வீட்டார் ஏழெட்டுப் பறவைகளைச் சொல்வர். மற்றவர் ஒன்றுகூட வருவதில்லை என்பர். அஃது எங்ஙனமெனின், ஓசூர் கம்பெனி பஸ்ஸால் என்க.

சிறுபறவைகள் விடிந்த முதல் இரண்டொரு மணி நேரத்தில்தான் மும்முரமாய் இரைதேடும். முதல் ஷிஃப்ட்காரர் இருள் பிரியுமுன் பஸ் ஏறிவிடுவார். நைட் ஷிஃப்ட்காரர் வந்து கதவைச் சாத்திப் படுப்பார். அவரளவில் தையல்சிட்டு உறக்கத்தைக் கெடுக்கும் ஓர் ஓசை. செகண்ட் ஷிஃப்ட்காரர் ஒருவரே காபி டம்ளரோடு கொல்லையில் நிற்கும் பேறு பெற்றவர். எனவே பறவை வளத்தைத் தீர்மானிப்பது ஷிஃப்டே.

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் பறவைகள் திடீரென மறைவதை வலசை எனக் கொள்ளற்க. மெய்யாகவே வடக்கிலிருந்து வலசை வரும் கதிர்க்குருவிகள் குளிர்காலம் நெடுகத் தங்கும். அவற்றுக்கு ரொட்டேஷன் கிடையாது.

5. தடையும் விடையும்

பிப்ரவரிதோறும் வெள்ளி முதல் திங்கள் வரை உலகெங்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. 2013 முதல் இந்தியாவிலும் உண்டு. 15 நிமிடம் நின்று பார்த்தாலே போதும். இதற்குமா நேரமில்லை எனின், அத்தடை நில்லாது. அந்நான்கு நாளில் முதல் ஷிஃப்ட்காரருக்கு வாய்ப்பது ஞாயிறு ஒன்றே. ஒரு வாரத்து யூனிஃபாரம் அனைத்தும் அன்றுதான் கொடியேறும். களம் முற்றும் மறையும்.

6. முடிபு

இதனாற் பெறப்படுவது: பறவைப் பட்டியலின் தலையில் இடம், நாள், நேரம் ஆகியவற்றோடு பார்த்தவரின் ஷிஃப்டையும் எழுதல் வேண்டும். "எங்க கொல்லைக்குப் பறவையே வர்றதில்ல" என்னும் கூற்றைப் பறவையியலில் சேர்த்தல் ஆகாது. அது வருகைப் பதிவேட்டைச் சேர்ந்தது. அதிலும் ஆப்சென்ட் போடப்பட வேண்டியது பறவைக்கு அன்று.