கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வரவும்

நீட் தேர்வு மதியம் 2 மணிக்கு. கேட்டை 1.30-க்கே சாத்திவிடுவார்கள். 1.31-க்கு மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளைக்காக டிவி கேமரா மட்டுமே காத்திருக்கும்.

நிமிடத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் இடத்தில் கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை. சுவரில் தொங்குவதைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

2024-இல் 180 கேள்விக்கு 200 நிமிடம். 2025-இல் 180 கேள்விக்கு 180 நிமிடம், கணக்கு கச்சிதம்! ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க 5 விநாடி என்றாலும், அதற்கே 15 நிமிடம் போய்விடும். அந்தக் கால் மணி நேரத்தில் சோதிக்கப்படுவது மருத்துவ அறிவா, கோலத்துக்குப் புள்ளி வைக்கும் திறனா?

தேர்வு மையத்தின் தவறால் நேரம் பறிபோனால் என்ன பரிகாரம்? 2024-இல் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண்ணாகக் கிடைத்தது. சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1; ஆக முழு மதிப்பெண்ணான 720-க்கு அடுத்துச் சாத்தியமானது 716 தான். அந்த ஆண்டோ சிலர் 718, 719 வாங்கினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. கருணை ரத்தாகி, மறுதேர்வு அறிவித்தார்கள். எழுத வந்தவர்கள் 813 பேர்.